ஆட்டு இருதயம், ஜிலேபி மீன், அடைக்கோழி முட்டை

போன ஞாயித்துக்கிழமை கறிக்கடைல "ஆட்டு இருதயம் ஒண்ணு வெட்டாம முழுசா குடுங்ணா"ன்னு கேட்டு வாங்கியாந்தேனுங்க. கொழம்புக்கு இல்ல, பாப்பாவுக்கு. பதினொண்ணாவது படிக்கறா, "மீனுக்கு ரெண்டு அறை, தவளைக்கு மூணு, பல்லிக்கு முழுசா பிரியாத நாலு, கோழிக்கும் நமக்கும் நாலு"ன்னு வாய்ப்பாடு மாதிரி சொல்லிட்டே இருந்தவ திடீர்னு "ஏம்மா, அப்ப தவளையோட ஹார்ட் அரைகுறையாம்மா?"ன்னு கேட்டுட்டா. அது எனக்கு மனசுல உறுத்திட்டே இருந்துச்சு.

அருவாமனைல நெடுக்க அரிஞ்சு காட்டுனேன். எடது பக்கத்து சுவரு என்னோட சுண்டுவிரல் தடிமன் இருக்கு, வலது பக்கம் அதுல பாதிகூட இல்ல, ஏன்னா வலது பக்கம் பக்கத்துல இருக்கற நுரையீரலுக்குத்தான் தள்ளணும், எடது பக்கம் கொம்புல இருந்து கொளம்பு வரைக்கும் அனுப்போணும். வால்வுல இருந்து வெள்ளை நூலாட்டம் நரம்பு மாதிரி இறங்குது பாருங்க, அதை இழுத்துப் பாத்தா அத்துக்கவே மாட்டேங்குது, பாப்பா ரெண்டு தடவ இழுத்துப் பாத்தா.

அன்னைக்கே பவானிசாகர் ஜிலேபி மீனும் வந்துச்சு. செவுளுக்கு கீழ, தொண்டைகிட்ட, மொச்சைக்கொட்டை அளவுக்கு செவப்பா ஒண்ணு, அவ்ளோதான். ரத்தம் அதுல இருந்து நேரா செவுளுக்குப் போயி காத்து வாங்கிட்டு அப்படியே ஒடம்பு பூரா போயிருது, திரும்ப ஒரு தடவ இருதயத்துக்கு வந்து போற வேலையே இல்ல. அப்ப ரெண்டு அறைக்கு மேல அதுக்கு எதுக்குங்க?

தவளை கதை இன்னும் அருமை. கீழறை ஒண்ணே ஒண்ணு, நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கொஞ்சம் கலக்கும், இதைத்தான் கொறைன்னு நெனைக்கறோம். ஆனா தவளை தோல்லயும் மூச்சு விடுது, தோல்ல காத்து வாங்குன ரத்தம் வலது மேலறைக்குத்தான் வந்து சேருது. தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்கறப்ப நுரையீரலுக்கு வேலையே இல்ல, அப்ப தடுப்பு இல்லாததுதான் அதுக்கு வசதி, ரத்தத்தை தேவையான பக்கம் திருப்பி விட்டுக்குது.

உடுமலை பக்கம் அமராவதி டேம்ல முதலைப் பண்ணை இருக்குல்ல, அந்த முதலைக்கு நம்மளாட்டமே முழு நாலு அறை. இருந்தும் வெளிய போற ரெண்டு பெரிய ரத்தக்குழாய்க்கும் நடுவுல ஒரு ஓட்டை வெச்சிருக்கு, அதுல ஒரு குழாய் கெளம்பறதே வலது கீழறைல இருந்துதான். முங்கி இருக்கறப்ப நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தை அந்த வழியா ஒடம்புக்கே திருப்பி விட்டுரும். நம்ம கொழந்தைகளுக்கும் வயித்துல இருக்கறப்ப மேலறைக ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஓட்டை இருக்கும், பொறந்து மொத மூச்சு விட்டதும் மூடிக்க ஆரம்பிக்கும், நாலு பேர்ல ஒருத்தருக்கு கொஞ்சமா தெறந்தே கெடக்கும், பெரும்பாலும் ஒண்ணும் பண்றதில்ல. அதனால அறைய எண்ணி மார்க் போடறது எனக்கு சுத்தமா புடிக்கல. அது அது வாழற எடத்துக்கு ஏத்த இருதயம் அது அதுக்கு.

இன்னொண்ணு, கோழியும் நாமளும் நாலு அறைய ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் வாங்கல, தனித்தனியா வந்து சேந்தது. கோழிக்கு பெரிய தமனி வலது பக்கமா வளையும், நமக்கு எடது பக்கமா. ஆனா ஆரம்பம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான், மீனு தவளை கோழி மனுசன் யாரா இருந்தாலும் மொதல்ல ஒரு சின்ன கொழாய், அது துடிச்சுக்கிட்டே வளைஞ்சு மடங்கும். மனுசக் கருவுல மூணு வாரம் தாண்டுனதும் துடிப்பு வந்துரும், கோழி முட்டைல ரெண்டாம் நாளே.

எங்கூட்ல அடை வெச்சு நாலு நாளாச்சு. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு ஒரு முட்டைய செல்போன் டார்ச் மேல வெச்சோம். செலந்தி வலையாட்டம் ரத்த நரம்பு, நடுவுல செவப்பா ஒரு புள்ளி துடிச்சுக்கிட்டு இருக்கு. அதுல இன்னும் நாலு அறை பிரிஞ்சிருக்காது கண்ணுன்னு சொன்னேன். பாப்பா வாய்க்குள்ளயே துடிப்ப எண்ணிட்டு இருந்தா, சூடு ஆறிரும்னு நாந்தான் வாங்கி கோழிக்கு அடியில வெச்சேன்.