மூன்று பக்கக் கட்டுரையும் நுளம்புக் கூட்டமும்

உயர்தர வகுப்பில் அளவையியல் (தர்க்கம்) படிப்பிக்கும் எனக்கு, அமெரிக்க மெய்யியலாளர் எட்மண்ட் கெட்டியர் என்ற பெயர் நெடுங்காலம் குறிப்புக் கொப்பியில் ஒரு வரியாக மட்டுமே இருந்தது. அவருடைய கட்டுரையை, 1963இல் ‘அனலிசிஸ்’ ஆய்விதழில் வெளிவந்த வடிவிலேயே, சென்ற ஆண்டுதான் புதுக்குடியிருப்பில் இருந்து வாசித்தேன். 121ஆம் பக்கத்தில் தொடங்கி 123இல் முடிகிறது. ஒன்று உண்மை, அதை நம்புகிறோம், நம்பத் தக்க காரணமும் உண்டு என்றால் அது அறிவாகிவிடுமா என்று கேட்டு, ஆகாது என்பதற்கு இரண்டே உதாரணங்கள் தருகிறார்.

இத்தகைய ஓர் உதாரணத்தை 8ஆம் நூற்றாண்டிலேயே பௌத்த அளவையியலாளர் தர்மோத்தரர் தந்திருக்கிறார். இறைச்சி வாட்ட மூட்டிய நெருப்பு இன்னும் புகையவில்லை. வாசனைக்கு மொய்த்த பூச்சிக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவர் புகையென்று எண்ணி, அங்கே நெருப்பு இருக்கிறது என்று முடிவுசெய்கிறார். பொழுதுபட்டால் மாட்டுப் பட்டிக்கு மேலே நுளம்பு திரள்வதையும், அதை விரட்டப் புகை போடுவதையும் பார்த்து வளர்ந்த என் மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. “நெருப்பு இருக்குத்தானே சேர், பிறகென்ன பிழை?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். அன்று பாடவேளை முழுவதும் அந்தக் கேள்வியிலேயே கழிந்தது.

இந்திய மெய்யியலை, அறிவு என்றால் என்ன என்று ஆராயும் இன்றைய அறிவாராய்ச்சியியலோடு நேருக்கு நேர் பேசவைத்ததில், 1951இல் ஹவாயில் தொடங்கிய ‘பிலோசபி ஈஸ்ட் அண்ட் வெஸ்ட்’ இதழுக்கும், பிமல் கிருஷ்ண மதிலால் 1970இல் தொடங்கிய ‘ஜேர்னல் ஒப் இந்தியன் பிலோசபி’க்கும் பெரும் பங்குண்டு. பல மெய்யியல் இதழ்களில் எழுதியவரின் பெயரையும் ஊரையும் மறைத்தே கட்டுரை மதிப்பீட்டுக்குப் போகிறது என்பது, வன்னியிலிருந்து எழுத நினைப்பவருக்குத் தெம்பு தரும் ஏற்பாடு. ஆனால் வாசிக்கும் வாசலில் பெரும்பாலும் கட்டணம் நிற்கிறது. ஒரு கட்டுரைக்குக் கேட்ட டொலரை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிய இரவுகள் எனக்கு உண்டு. ஆகவே, 2001 முதல் யாவரும் இலவசமாக வாசிக்கக்கூடியதாக வெளிவரும் ‘பிலோசபர்ஸ் இம்பிரிண்ட்’ இதழையே மாணவர்களுக்கு முதலில் காட்டுகிறேன்.

இப்போது கெட்டியரின் முதற் பந்தியை வகுப்பில் தமிழாக்குகிறோம். தக்க காரணமுள்ள நம்பிக்கையைக் குறிக்கும் ‘நியாயப்படுத்தப்பட்ட நம்பிக்கை’ என்ற தொடர் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. மணிமேகலையில் அறவண அடிகள் அளவை கற்பிக்கும் காதையைத் திறந்தோம். மலையில் நெருப்புண்டு என்பதற்குப் புகையைக் காட்டும் இடத்தில், காரணம் என்று பொருள்படும் ‘ஏது’ என்ற சொல் இருந்தது. ‘ஏதுவுடைய நம்பிக்கை’ என்று கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இட்டிருக்கிறோம்.