கண்ணை மூடினால் தெரியும் படம்

இரண்டு நாளாக இதே நினைப்பு. 2008-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர் ஜாக் கேலன்ட் குழுவினர், எம்ஆர்ஐ கருவிக்குள் இருவரைப் படுக்க வைத்து 1,750 கறுப்பு வெள்ளைப் படங்களைக் காட்டினார்கள். படத்தைச் சாய்ந்த, நின்ற, படுத்த சின்னச் சின்னக் கோடுகளாகப் பிரித்து, மூளையின் எந்தப் புள்ளி எந்தக் கோட்டுக்கு எவ்வளவு அசைகிறது, அதாவது வேலை செய்கிறது, என்று கணக்குப் போட்டார்கள். அப்புறம் புதிதாக 120 படங்கள். மூளைப் பதிவை மட்டும் வைத்து, பார்த்த படம் எது என்று இருவரில் ஒருவருக்கு 92 சதவீதம் சரியாகச் சொன்னது அந்தக் கணக்கு! குருட்டாம்போக்கில் சொன்னால் ஒரு சதவீதம்கூடத் தேறாது.

எனக்குச் சிலிர்த்தது அடுத்ததில்தான். 2015-ல் இதே வகைக் கணக்கு, படத்தை மனதில் நினைத்தபோதும் வேலை செய்தது. பார்வைக்கான அதே பகுதிகளில்.

கண்ணை மூடிப் பாட்டியின் மூக்குத்தியை நினைக்கிறேன். ஏழு கல், ஒன்று கொஞ்சம் மங்கல். அதன் ஓரக்கோடு இந்த நிமிஷம் என் பின்மண்டையில் எங்கோ அசைகிறது.