சட்ட உதவி மையக் கவுன்சலர் நேர்காணல்: எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதுதான் கேள்வி

சட்ட உதவியோடு சேர்ந்த உளசமூக ஆதரவுப் பணி என்றால் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மூன்று வாசல்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்களில் மூத்த ஆலோசகர், வழக்குப் பணியாளர் வேலைகள். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்குகளில், குழந்தைக்குத் துணையாக இருக்கக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கும் ஆதரவு நபர் பொறுப்பு. பெண்கள், குழந்தைகள் வழக்குகளைக் கையில் எடுக்கும் தொண்டு நிறுவனங்களில் கவுன்சலர் பணி. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) அல்லது உளவியல் முடித்தவர்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். கவுன்சலிங் தெரியாமல் தோற்பவர் குறைவு. வக்கீல் வேலையையும் போலீஸ் வேலையையும் தானே செய்துவிடுவதாகச் சொல்லித் தோற்பவர்களே அதிகம்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று விதமான ஆட்கள் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு தயாராகுங்கள். சமூக நலத் துறை அதிகாரிக்கு ராத்திரி ஷிஃப்டுக்கு வருவீர்களா, பதிவேடு ஒழுங்காக எழுதுவீர்களா என்பது கவலை. உளவியல் ஆள், எதிரில் ஒருவர் அழும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார உங்களால் முடியுமா என்று பார்ப்பார். வக்கீலுக்கு ஒரே பயம்தான்: இந்த ஆள் சாட்சியத்தைக் கெடுத்துவிடுவாரா?

சட்டத்தைப் பிரிவு பிரிவாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. யாரிடம் போக வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் என்பது நாக்கு நுனியில் இருந்தால் போதும். முதலில் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவு. இலவச சட்ட உதவி யாருக்கு என்று சொல்வது அதுதான். ‘ஒரு பெண் சட்ட உதவி கேட்டு வருகிறார், என்ன செய்வீர்கள்?’ என்றதும், ‘வருமானச் சான்று வாங்கி வரச் சொல்வேன்’ என்று பதில் சொல்பவர்கள் அங்கேயே சறுக்குகிறார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதினால் போதும். 15100 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. அதோடு 181, 1098, 14416 மூன்றும் எதற்கென்று குழப்பமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும்: முறையே பெண்கள், குழந்தைகள், மனநல உதவி.

அடுத்தது போக்சோ. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் அதைக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். குழந்தையிடம் வாக்குமூலம் வாங்குபவர் கூடியவரை உதவி ஆய்வாளர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். சீருடையில் வரக் கூடாது. குழந்தையின் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ வாங்கலாம். ராத்திரி எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியம், கூடியவரை ஒரு வருடத்தில் தீர்ப்பு என்பது சட்டத்தின் கணக்கு. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா விழும். ‘ஒரு வருஷத்துல முடிஞ்சிடும்மா’ என்று குடும்பத்திடம் சொல்வேன் என்று பேனலில் சொல்லாதீர்கள். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்லும் கணக்கும் இதே கதைதான்.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்களின் பிரிவு எண்கள் மாறிவிட்டதை மறக்க வேண்டாம். மாஜிஸ்திரேட் முன் கொடுக்கும் வாக்குமூலம் இப்போது புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆம் பிரிவு. கோர்ட் வராந்தாவில் இன்னும் பழைய சட்டத்தின் எண்ணை வைத்து ‘ஒன் சிக்ஸ்டி ஃபோர்’ என்றுதான் பேசுகிறார்கள். இரண்டையும் சொன்னால் வக்கீல் நிமிர்ந்து உட்கார்வார்.

இனி முக்கியமான பகுதி. கேள்வி பதில் பாதியில் நிற்கும். பேனலில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, பதினேழு வயதுப் பெண்ணாகப் பேச ஆரம்பிப்பார்: “அக்கா, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

சத்தியம் செய்தால் தோற்றீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால், பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது போக்சோ 19ஆம் பிரிவு. சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. கவுன்சலருக்கு விலக்கு இல்லை. அதற்காக ‘அதெல்லாம் முடியாதும்மா, சட்டம் இருக்கு’ என்று வெட்டிப் பேசினால் அந்தப் பெண் வாயை மூடிக்கொள்வாள். கிட்டத்தட்ட இப்படிச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்: “நீ சொல்றத ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட, எதுக்குன்னு மொதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். இதக் கேட்டுட்டு, பேசலாம்னு தோணுனா பேசு.” வாக்கியங்களை மனப்பாடமாக ஒப்பித்தால் பேனலுக்குத் தெரிந்துவிடும். ஆபத்து, யாரிடம், முதலில் உன்னிடம் என்ற மூன்றும் அந்த வரிசையில் வந்தால் போதும்.

அவள் சொல்லிவிட்டாள் என்று வையுங்கள். இரண்டாவது பள்ளம் இங்கேதான். ‘எப்போ? எத்தனை தடவை? சரியா எங்க?’ என்று கேட்க வாய் துறுதுறுக்கும். அது புலன்விசாரணை. அந்தப் பெண் இதையே போலீஸிடம், டாக்டரிடம், மாஜிஸ்திரேட்டிடம், கடைசியில் கூண்டில் என்று சொல்லப்போகிறாள். நீங்கள் தோண்டி எடுத்து எழுதி வைப்பது இன்னொரு பதிப்பு. பதிப்புக்குப் பதிப்பு ஒரு தேதி மாறினாலும் குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடித்து இழுப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: இப்போது பாதுகாப்பாக இருக்கிறாயா? அந்த ஆள் அதே வீட்டிலா இருக்கிறான்? உடம்பில் வலி, காயம் உண்டா? சாக வேண்டும் போல் தோன்றுகிறதா? யார் கூட இருந்தால் உனக்குத் தைரியம்? தற்கொலை பற்றிக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பயந்து சுற்றிவளைப்பவர்கள் உண்டு. நேராகக் கேட்க வேண்டும்.

நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் மருத்துவமனைதான் முதலில். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்க அவ்வளவு நேரம்தான் இருக்கிறது. அவசரக் கருத்தடை மாத்திரையும் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். ‘போலீஸ் மெமோ இருந்தால்தான் பார்ப்போம்’ என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது, தனியார் மருத்துவமனை உட்பட. முதலுதவியும் சிகிச்சையும் இலவசம். இதைப் பேனலில் நீங்களாகவே சொல்லுங்கள். பலர் விட்டுவிடும் இடம் இது.

ஆதரவு நபர் வேலைக்குப் போகிறவர்களுக்கு 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் கட்டாயப் பாடம். நீங்கள் நியமிக்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் போலீஸ் அதை எழுத்தில் சிறப்பு நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. குழந்தையும் பெற்றோரும் உங்களை வேண்டாம் என்றால் குழந்தைகள் நலக் குழு உங்களை விலக்கலாம், குழந்தை அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதும் இருக்கிறது. ‘அந்தப் பிள்ளைக்கு உங்களைப் பிடிக்கவில்லை, என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்விக்கு, ‘பேசிப் பேசி நம்பிக்கையை வரவழைப்பேன்’ என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தப்பான பதில். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், ஆதரவு நபர் தேவையா என்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கே விட்டுவிடக் கூடாது என்று சொன்னதையும் தெரிந்து வைத்திருங்கள்.

வக்கீல் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்று: “நாளைக்குச் சாட்சியம். பிள்ளை தேதியை மாற்றிச் சொல்கிறாள். என்ன செய்வீர்கள்?” திருத்தக் கூடாது. திருத்தினால் அது சொல்லிக்கொடுத்த சாட்சியம். பிள்ளை குழம்பியிருக்கிறாள் என்பதை அரசு வழக்கறிஞரிடம் தெரிவிக்க வேண்டும், அத்தோடு உங்கள் வேலை முடிந்தது. தயார்படுத்துவது என்பது வேறு. முந்தின நாளே காலியான கோர்ட் ஹாலைக் காட்டலாம்: ஜட்ஜ் எங்கே உட்கார்வார், கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே. எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்வி ஜட்ஜ் வழியாகத்தான் வரும், அந்த ஆள் முகத்தைப் பார்க்கும்படி உட்கார வைக்க மாட்டார்கள் என்று சொல்லலாம். ‘தெரியல’, ‘ஞாபகம் இல்ல’, ‘கேள்வி புரியல’ என்பதும் பதில்தான், நடுவில் இடைவேளை கேட்கலாம் என்று பழக்கலாம். என்ன நடந்தது என்பதைத் தொடவே கூடாது.

எழுத்துத் தேர்வு என்று தனியாக வைக்காவிட்டாலும், ஒரு வழக்கைச் சொல்லி அரைப் பக்கம் குறிப்பு எழுதச் சொல்வது உண்டு. ‘மிகுந்த மன உளைச்சலில் காணப்பட்டார். அவர் கூறுவது உண்மை எனத் தெரிகிறது’ என்ற மாதிரி எழுதுபவர்கள்தான் அதிகம். இரண்டாவது வாக்கியம் நீதிபதி எழுத வேண்டியது. முதல் வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. இப்படி எழுதிப் பழகுங்கள்: ‘காலை 10.40 முதல் 11.25 வரை. தாயுடன் வந்தார், தனியாகப் பேச விரும்பியதால் தாய் வெளியே இருந்தார். பேசும்போது மூன்று முறை எழுந்து கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தார். “லைட்ட அணைச்சா மூச்சு முட்டுது” என்றார். 9 நாட்களாகப் பள்ளி செல்லவில்லை. தற்கொலை எண்ணம் கேட்கப்பட்டது, இல்லை என்றார். அடுத்த சந்திப்பு வியாழன்.’ பார்த்தது ஒரு பக்கம், அவர் வாயால் சொன்னது மேற்கோளில், நீங்கள் செய்தது ஒரு பக்கம். அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு கறார்? கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வதற்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 132ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. கவுன்சலருக்கு அந்தப் பாதுகாப்பு அதில் இல்லை. உங்கள் நோட்டு நாளைக்கே கோர்ட்டில் வாசிக்கப்படலாம். அந்த ‘9 நாட்கள்’ இன்னொரு இடத்திலும் உதவும். இழப்பீடு எவ்வளவு என்று சிறப்பு நீதிமன்றம் முடிவு செய்யும்போது, மருத்துவச் செலவு, பள்ளிக்குப் போகாத நாட்கள், வேலை இழப்பு, குற்றவாளிக்கும் குழந்தைக்கும் என்ன உறவு, குழந்தையின் பொருளாதார நிலை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கின்றன போக்சோ விதிகள். பஸ் டிக்கெட்டு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைக்கச் சொல்லும் ஆள் நீங்கள்தான். சோறு, துணி, போக்குவரத்துக்கு உடனடிப் பணம் வேண்டுமென்றால் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை வந்த ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

குடும்ப வன்முறைக் கேள்வியில் மாட்டுவது வேறு விதம். ‘இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசுவேன்’ என்று ஆரம்பித்தால் முடிந்தது. அடிப்பவனுக்கு எதிரில் உட்கார்ந்து அந்தப் பெண் எதைச் சொல்வாள்? முதலில் அவருடைய பாதுகாப்பு. திரும்பிப் போகத்தான் வேண்டும் என்று அவர் முடிவெடுத்தால், தடுக்கவும் வேண்டாம், ‘அனுசரிச்சுப் போங்கம்மா’ என்று வழியனுப்பவும் வேண்டாம். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் நகல்களை வெளியில் நம்பிக்கையான ஒருவரிடம் வைப்பது, இரண்டு போன் எண்களை மனப்பாடம் செய்வது, அடி விழும்போது சமையலறைப் பக்கம் ஒதுங்காமல் இருப்பது (கத்தியும் அடுப்பும் அங்கேதான்) என்று திட்டம் போட்டுக் கொடுங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலம், நடந்த வன்முறையைச் சொல்லும் வீட்டு நிகழ்வு அறிக்கை பதிவாகும் வழியையும் சொல்லி அனுப்புங்கள்.

‘மன அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பீர்கள்?’ என்ற கேள்விக்கு யோகா, இசை என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாரிடம் கேஸைக் கொண்டுபோய்ப் பேசுவீர்கள் என்று சொல்லுங்கள்.

போகும்போது அசல் சான்றிதழ்கள், கையொப்பமிட்ட நகல் இரண்டு செட், முன்பு வேலை பார்த்த இடத்தின் அனுபவச் சான்று. அனுபவத்தைப் பற்றிப் பேசும்போது ஊர், பெயர், தெரு எதுவும் வாயில் வரக் கூடாது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டிவிட்டால் அதற்குமேல் எத்தனை நல்ல பதில் சொன்னாலும் எடுபடாது.

கடைசியில் ‘ஏதாவது கேட்கணுமா?’ என்பார்கள். சம்பளத்தை அறிவிப்பிலேயே படித்திருப்பீர்கள். தனியாகப் பேசக் கதவு மூடும் அறை இருக்கிறதா, கேஸ் நோட்டுக்குப் பூட்டுள்ள அலமாரி இருக்கிறதா, ராத்திரி பதினோரு மணிக்கு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வண்டி உண்டா என்று கேளுங்கள்.