போக்கர் நோட்டு: 2025 மே முதல் செப்டம்பர் வரை

மே 31, சனி

மாதக் கடைசி. நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். ஏப்ரல் 1 முதல் இன்றுவரை ஆன்லைனில் 46 மணி நேரம் ஆடியிருக்கிறேன். 3,180 ரூபாய் போயிருக்கிறது. போன நிதியாண்டில் 190 மணி நேரம், 11,450 ரூபாய் நஷ்டம். மணிக்கு அறுபது ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த நோட்டைப் போடச் சொன்னது என் மனைவி சுமதிதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் முதல் முறை பணம் கட்டி ஆடியபோது அவள் சண்டை போடவில்லை. "ஏனுங்க, ஆடறது ஆடுங்க. எவ்வளவு போச்சு, எவ்வளவு வந்துச்சுன்னு எழுதி வைங்க. நான் பார்ப்பேன்" என்றாள். அதிலிருந்து ஒரு நாள்கூட விடாமல் எழுதுகிறேன். அவள் மளிகைக் கணக்கு எழுதும் அதே அரைக் குயர் நோட்டு.

நான் உட்காருவது ஐந்து-பத்து மேசை. கட்டாயப் பந்தயம் ஒருவருக்கு ஐந்து ரூபாய், அடுத்தவருக்குப் பத்து. ஆயிரம் ரூபாயோடு உட்காருவேன். ஜெயிப்பவர்கள் குறைவு, அதற்குக் காரணம் திறமை மட்டும் இல்லை. ஒவ்வொரு கையிலும் மேசை நடுவில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து தளம் தன் பங்கை, ரேக்கை, எடுத்துக்கொள்கிறது. மேசையில் எல்லோரும் ஒரே அளவு நன்றாக ஆடினாலும் எல்லோருடைய பணமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகும். 2023 அக்டோபரிலிருந்து கட்டும் தொகைக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய் கட்டினால் அதில் 218 ரூபாய் 75 காசு வரி. போனஸ் என்று கொடுத்துத் தளம் அதைச் சரிக்கட்டும், ஆனாலும் எங்கிருந்தோ அது வந்தாக வேண்டும். நிகரமாக ஜெயித்தால் அதில் 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தம். எனக்கு இதுவரை அந்தப் பிரச்சினை வந்ததில்லை.

ஜூன் 3, செவ்வாய்

தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகள் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் இன்று தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது.

ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான தமிழ்நாட்டின் 2022 சட்டத்தின் தடைப் பட்டியலில் ரம்மியும் போக்கரும் இருந்தன. 2023 நவம்பரில் இதே நீதிமன்றம், இவை இரண்டும் திறமை சார்ந்தவை என்று சொல்லி அந்தப் பட்டியலை நீக்கியது. அன்று எனக்குச் சந்தோஷம். இன்றைய தீர்ப்பிலும் எனக்கு வருத்தம் இல்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் நான் எழுதி வைத்த கணக்குகளைத் தனியாகக் கூட்டினேன்: ஐந்து வருட நஷ்டத்தில் பாதிக்கு மேல் அந்த நேரத்தில் போனது. தூக்கக் கலக்கத்தில் கைவிட வேண்டிய சீட்டைக் கைவிட மனசு வராது.

கம்பெனியில் எங்கள் பிரிவில் ஒரு பையன் இருந்தான், நல்ல வேலைக்காரன். ரம்மி ஆட கடன் ஆப்பில் வாங்கி, அதை அடைக்க இன்னொன்றில் வாங்கி, கடைசியில் அவன் அப்பா வந்து செட்டில்மென்ட் பணத்தை வாங்கிக்கொண்டு அவனை ஊருக்குக் கூட்டிப் போனார். கேட்டில் நின்று அவர் எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அவனுக்கு ராத்திரி ஷிப்ட் கிடையாது. ஆனாலும் காலையில் கண் சிவந்து வருவான். நான் கவனித்தேன், கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஜூன் 14, சனி

எழுதப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

இரவு 9.40. எனக்கு இரண்டு ஏஸ். 221 தடவைக்கு ஒரு முறை வரும் கை. எனக்கு முன்னால் இருந்தவர் ரெய்ஸ் செய்தார், அதாவது பந்தயத்தை உயர்த்தினார், நான் அதற்கு மேல் கூட்டினேன், அவர் முழுப் பணத்தையும் தள்ளினார். நானும் தள்ளினேன். அவர் கையில் ஒன்பது ஜோடி. நூற்றுக்கு எண்பது தடவை நான் ஜெயிக்க வேண்டிய இடம். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டில், ப்ளாப்பில், ஒன்றும் இல்லை, நான்காவது சீட்டான டர்னில் ஒன்றும் இல்லை. கடைசிக் கார்டு ஆட்டின் ஒன்பது. அந்த நேரத்தில் மிச்சமிருந்த 44 சீட்டில் அவருக்கு உதவக்கூடியது இரண்டே இரண்டு.

இதில் தப்பு எதுவும் இல்லை. இதே கை நாளை வந்தாலும் இதையேதான் செய்வேன். தப்பு அதற்கு அப்புறம் நடந்தது. ஒரு இரவுக்கு இரண்டு ஆயிரம், அதற்கு மேல் இல்லை என்பது என் விதி. நான் நான்காவது ஆயிரத்தையும் கட்டினேன். ராணி-ஒன்பது, ஜாக்கி-ஏழு என்று சாதாரணமாகத் திரும்பிக்கூடப் பார்க்காத சீட்டை எல்லாம் ஆடினேன். யாரோ என் பணத்தைப் பிடுங்கிக்கொண்டது போலவும், அதை அவரிடமிருந்தே திருப்பி வாங்க வேண்டும் போலவும் இருந்தது. அந்த ஒன்பது ஜோடிக்காரர் பத்து மணிக்கே எழுந்து போய்விட்டார். யாரிடமிருந்து திருப்பி வாங்க உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

நஷ்டம் 4,000. அதில் ஆயிரம் மட்டும் சீட்டால் போனது. மூவாயிரம் என்னால்.

ஜூன் 15, ஞாயிறு

சுமதியிடம் நோட்டைக் காட்டினேன். படித்தாள். மாவு ஆட்டப் போய்விட்டாள். மத்தியானம், "ஒரு மாசம் வேண்டாங்க" என்றாள். சரி என்றேன்.

ஜூலை 17, வியாழன்

லாஸ் வேகாஸில் உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டி முடிந்தது. 10,000 டாலர் கட்டி 9,735 பேர் இறங்கியதில் மைக்கேல் மிஸ்ராச்சி ஜெயித்திருக்கிறார். பரிசு ஒரு கோடி டாலர். இதே தொடரில் 50,000 டாலர் கட்டணப் போட்டியையும் அவரே நான்காவது முறையாக ஜெயித்திருக்கிறார். பலவகைப் போக்கரும் கலந்து ஆடும் போட்டி அது. அதிர்ஷ்டம் மட்டும்தான் இந்த ஆட்டம் என்று சொல்பவர்களிடம் நான் காட்ட விரும்புவது அந்த நான்கு முறையைத்தான்.

ஒரு மாதம் முடிந்தது. தளத்தைத் திறக்கத் தோன்றவில்லை. இந்த வருடக் கோவா பயணத்துக்குச் சேர்த்து வைத்த நாற்பதாயிரம் தனியாக இருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு, பனாஜி

நேற்று கோவையில் ரயிலேறி இன்று மட்காவில் இறங்கினோம். நானும் பழனியண்ணனும். மழை விடவே இல்லை. டாக்சிக்காரர் உள்ளூர்க்காரர். "கப்பலுக்கா?" என்று இந்தியில் கேட்டுவிட்டு, தான் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை என்றார். 2020-லிருந்து கோவாக்காரர்களுக்கு கேசினோவில் அனுமதி கிடையாது. ஊர்க்காரர்கள் வெளியே நின்று எங்களைக் கொண்டுவந்து விடுகிறார்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர், "நல்லதுதான் சார், என் தம்பி பிழைத்தான்" என்றார்.

மாண்டவி ஆற்றில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கின்றன. 1976 சூதாட்டச் சட்டத்தைப் பிற்பாடு திருத்தியபோது, முதலில் ஐந்து நட்சத்திர விடுதிகளில் இயந்திர ஆட்டத்துக்கும், அப்புறம் கப்பல்களில் மேசை ஆட்டத்துக்கும் வழிவிட்டார்கள். சின்னப் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டு போகிறார்கள். உள்ளே நுழைந்தால் ரூலெட், பக்கரா, அந்தர் பாகர், ஒரே கூச்சல். ரூலெட் சக்கரத்தில் 36 எண்ணோடு ஒரு பூஜ்யமும் சேர்ந்து 37 கட்டம். ஒரே ஒரு எண்ணில் கட்டி அது வந்தால் 35 மடங்குதான் கொடுக்கிறார்கள். அந்த வித்தியாசத்தில்தான் கப்பல் மிதக்கிறது. அங்கே நான் நிற்பதே இல்லை. போக்கர் அறை தனி. அங்கே கப்பலோடு ஆடுவதில்லை, எதிரே இருக்கும் மனிதரோடு ஆடுகிறோம்.

நூறு-இருநூறு மேசை. இருபதாயிரத்துக்கு சிப்ஸ் வாங்கினேன். ஆன்லைனில் ஒரு மேசையில் மணிக்கு அறுபது எழுபது கை ஓடும். இங்கே இருபத்தைந்து, முப்பது. முதல் ஒரு மணி நேரம் அந்த நிதானத்துக்குப் பழகவே ஆகிறது. ஆனால் கண்ணுக்கு வேலை நிறைய. என் இடது பக்கம் இரண்டு நாற்காலி தள்ளி ஒரு பெரியவர். பெலகாவிக்காரர், வெல்ல வியாபாரம். இரண்டு மணி நேரத்தில் அவர் ரெய்ஸ் செய்தது நான்கோ ஐந்தோ தடவை. அதில் இரண்டு முறை ஏஸ்-ராஜாவைக் காட்டினார். இரண்டு முறையும் ப்ளாப்பில் ஒரு பந்தயம் கட்டி, எதிராளி விடவில்லை என்றதும் டர்னில் மேசையைத் தட்டி நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் அந்தக் கை வந்தது. எனக்கு இரண்டு ராணி. முன்னால் ஒரு பையன் 600 வைத்தான், நான் சும்மா கால் செய்தேன், அதாவது அதே தொகையை மட்டும் வைத்தேன். பெரியவர் 2,500 ஆக்கினார். பையன் சீட்டைக் கைவிட்டான், நான் கூடப் போனேன். ப்ளாப் ஜாக்கி, எட்டு, மூன்று, மூன்றும் வேறு வேறு ஜாதி. அவர் 3,000. கால். டர்ன் ஐந்து. அவர் நிறுத்தவில்லை. 7,000 வைத்தார்.

நடுவில் சேர்ந்த பணம் 18,900 ஆகிவிட்டது. நான் 7,000 போட்டால் நூற்றுக்கு 27 தடவை ஜெயித்தாலே கணக்கு சரி. அவரிடம் ஏஸ் ஜோடி இருக்க ஆறு வழி, ராஜா ஜோடிக்கு ஆறு வழி, ஏஸ்-ராஜாவுக்குப் பதினாறு வழி. ஏஸ்-ராஜாவாக இருந்தால் நான் வெகுதூரம் முன்னால். காகிதத்தில் போட்டால் கால் செய்ய வேண்டிய இடம். ஆன்லைனில் என்றால் ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டேன். ஆனால் இந்த மனிதர் ஏஸ்-ராஜாவோடு டர்னில் நிறுத்துகிறவர். என் கண்ணால் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அந்தப் பதினாறைக் கழித்துவிட்டால் எனக்கு மிச்சம் இரண்டு ராணிச் சீட்டு மட்டும்தான், நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. ஆனால் இரண்டே தடவை பார்த்ததை வைத்து ஒருவரின் பழக்கம் இது என்று முடிவு கட்டலாமா?

ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவர் தண்ணீர் குடித்தார், கை நடுங்கவில்லை. நான் ராணிகளை டீலர் பக்கம் தள்ளிவிட்டேன். அவர் தன் சீட்டைக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

இரவு எழுந்தபோது 23,800 இருந்தது. அந்தக் கைக்கு அப்புறம் நன்றாக ஆடினேன். ஐந்து வருடத்தில் இவ்வளவு தெளிவாக ஆடிய நாள் வேறு இல்லை.

ஜூலை 28, திங்கள்

சீட்டே வரவில்லை. ஆறு மணி நேரத்தில் ஒரு ஏஸ் ஜோடி இல்லை, ஒரு ராஜா ஜோடி இல்லை. 12,600 நஷ்டம். பயணத்தில் மொத்தம் 8,800 குறைந்தது. பெரியவர் இன்று வரவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடை செய்யும் மசோதா மக்களவையில் இன்று நிறைவேறிவிட்டது. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பிரிவே இல்லை. நடத்துபவர்களுக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவர்களுக்குத் தண்டனை இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நேற்று மாநிலங்களவை, இன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூன்றே நாளில் முடிந்துவிட்டது. தளத்தில் பண மேசைகள் காலி. மிச்சமிருந்த 4,260 ரூபாயை எடுக்கச் சொல்லி அனுப்பினேன். இந்த வருடம் நான் நஷ்டத்தில் இருப்பதால் வரிப் பிடித்தம் இல்லை.

எனக்கு வருத்தம்தான். எங்கள் மில் வீதி மனமகிழ் மன்றத்தில் அப்பா ரம்மி ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு அடுக்கக் கற்றுக்கொண்டவன் நான். இந்த ஆட்டத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் பொய் இல்லை. மாதத்துக்கு இவ்வளவுதான் கட்டலாம் என்று ஒரு உச்சவரம்பை வைத்து, அதை எல்லாத் தளங்களுக்கும் சேர்த்து ஒரே கணக்காக்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் கேட்டில் தலை குனிந்து நின்ற அந்த அப்பாவிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

பழனியண்ணன் ஒரு லிங்க் அனுப்பினார். வெளிநாட்டுத் தளம், கிரிப்டோவில் கட்டினால் போதுமாம். அழித்துவிட்டேன். ரேக் எவ்வளவு, எதிரே இருப்பது ஆளா மென்பொருளா, பணம் திரும்பி வருமா, எதற்கும் கேட்க ஆள் இல்லாத இடம். அவருக்குப் போன் போட்டு அதையேதான் சொன்னேன். அவர் "சரிடா தம்பி" என்றார். நம்பிக்கை வரவில்லை. அடுத்த வாரம் நேரில் பார்த்துப் பேச வேண்டும். இந்த முறை பார்த்துவிட்டுச் சும்மா இருக்கப் போவதில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பணம் வங்கிக்கு வந்துவிட்டது. ஏப்ரல் முதல் ஆன்லைன் கணக்கைக் கூட்டி, கோடு போட்டு மூடினேன்.

மழை. கரண்ட் இல்லை. சுமதி தானாகவே, "அந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்றாள். மூத்தவளும் உட்கார்ந்தாள். அம்மா புளியங்கொட்டை டப்பாவை எடுத்துக் கொடுத்தார். ஆளுக்கு நூறு கொட்டை. ஜோடி, இரண்டு ஜோடி, வரிசை, ஒரே ஜாதி என்று வரிசைப்படுத்திக் காட்டினேன். மூத்தவள் அரை மணி நேரத்தில் ஒன்றும் இல்லாத கையோடு என்னை விரட்டிவிட்டாள்.

அப்புறம் கோவாக் கையை அப்படியே தரையில் அடுக்கிக் காட்டினேன். ஜாக்கி, எட்டு, மூன்று, ஐந்து. இந்தப் பக்கம் இரண்டு ராணி. அந்தப் பக்கம் இரண்டு சீட்டு கவிழ்த்து வைத்தேன். ஆறு, ஆறு, பதினாறு என்று கொட்டையை எண்ணிக் குவியல் வைத்தேன்.

சுமதி பதினாறு குவியலை ரொம்ப நேரம் பார்த்தாள். "நானா இருந்தா கட்டியிருப்பேன்" என்றாள்.

"ஏன்?"

"இவ்வளவு இருக்கே. ஆனா ரெண்டு மணி நேரம் அந்தப் பெரியவரைப் பார்த்தது நீங்கதானே, நான் இல்லையே."

சொல்லிவிட்டுக் கவிழ்த்திருந்த அந்த இரண்டு சீட்டைத் திருப்பப் போனாள். அது நான் சீட்டுக்கட்டிலிருந்து சும்மா எடுத்து வைத்தது, அதில் ஒன்றும் இல்லை என்றேன். பரவாயில்லை என்று திருப்பினாள். கிளாவர் நான்கும் டயமண்ட் பத்தும்.

"அடுத்த கை போடுங்க" என்றாள்.