ஆசாரத்துச் சுவரில் ஒரு பூவன்

அம்மா பிறந்த ஊர் கோபிப் பக்கம். அப்புச்சிக்குத் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் வாழை. ஏல விலை, ஆள்கூலி, உரம் எல்லாம் தினசரிக் காலண்டர் தாளின் ஓரத்தில் ஏறிவிடும். கிழித்த தாளைக் கம்பியில் குத்தி வைப்பார். வருமான வரிக்காரர்கள் வந்தால்கூட அந்தக் கம்பியைத்தான் நீட்டுவார்.

2024 நவம்பர் கடைசியில் போயிருந்தபோது, வாய் சும்மா இருக்காமல் செல்போனில் ஒரு வீடியோ காட்டினேன்.

"அப்புச்சி, இதப் பாருங்க. ஒரே ஒரு வாழைப்பழம் 52 கோடிக்குப் போயிருக்குதுங்க."

'கிறுக்குப் பசங்க' என்று சிரிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இதென்ன ரகம், கண்ணு?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? அவரே, "ஜி-நைன் ரகமாட்டத் தெரியுது" என்று முடிவு செய்துகொண்டார்.

விவரம் சொன்னேன். மௌரிசியோ கட்டெலன் என்ற இத்தாலியக் கலைஞர் 2019 டிசம்பரில் மயாமி கண்காட்சியில் ஒரு பழத்தைச் சாம்பல் டேப்பால் சுவரில் ஒட்டினார். பெயர் 'காமெடியன்'. அப்போதே 1,20,000 டாலர். அங்கேயே ஒருவர் அதைப் பிய்த்துத் தின்றார். 2023-இல் சியோலில் ஒரு மாணவர் 'பசித்தது' என்று தின்றுவிட்டுத் தோலை ஒழுங்காகத் திரும்ப ஒட்டிவைத்தார். இப்போது நியூயார்க் ஏலத்தில் 62 லட்சம் டாலர் கொடுத்து எடுத்த கிரிப்டோ நாணயத் தொழிலதிபர் ஜஸ்டின் சன், ஹாங்காங்கில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டே தின்றார்.

"தின்னுட்டா அப்பறம்?"

"வேற பழம் வாங்கி ஒட்டிக்கலாமுங்க."

"டேப்பு?"

"அதுவும் வேற."

"அப்ப வாங்குனவன் என்னத்தத்தான் வாங்குனான்?"

"ஒரு சான்றிதழ், எப்படி ஒட்டோணும்னு குறிப்பு. அவ்வளவுதானுங்க."

"அட, பத்தரம்னு சொல்லு! நம்ம காட்டுல முந்தி மஞ்சள், இப்ப வாழை. வெள்ளாம மாறுது, பத்தரம் மாறுதா?"

கருத்துக் கலை என்றால் என்ன என்று நான் ராத்திரி முழுக்கப் படித்தும் அரைகுறையாகத்தான் விளங்கியிருந்தது. இவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரத்தில் முடித்துவிட்டார்.

அப்புறம் கேட்டார்: "பழத்த வித்தவனுக்கு என்ன கெடச்சுது?"

அதுவும் செய்தியில் வந்திருந்தது. ஏலத்தன்று நடைபாதைக் கடையில் 35 சென்ட்டுக்கு வாங்கிய பழம். நம் காசுக்கு முப்பது ரூபாய். விற்றவர் வங்கதேசத்துப் பெரியவர், அந்தக் கடையில் கூலிக்கு நிற்பவர். பழம் போன விலையை நிருபர் சொன்னதும் அழுதிருக்கிறார். சன் அவர் கடையில் ஒரு லட்சம் பழம் வாங்கிக்கொள்வதாக அறிவித்தார். லாபம் கடைமுதலாளிக்குத்தானே போகும்?

"லட்சம் பழம்னா அறுநூறு எழுநூறு தார்தான். ரெண்டு லோடு வராது" என்றார் அப்புச்சி. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

மாமன் மகனும் மகளும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மோட்டார் ரூமில் பைப்புக்குச் சுற்ற வாங்கிய டேப் வந்தது. குறிப்பில் தரையிலிருந்து 175 சென்டிமீட்டர் என்று இருக்கிறது, ஐந்தே முக்கால் அடி. வீட்டுக் கூடத்தை ஆசாரம் என்போம்; அதன் சுவரில் அளந்து கோடு போட்டேன். கதலி, டேப்புக்குள்ளேயே காணாமல் போனது. நேந்திரத்தைத் தொட அம்மிச்சி விடவில்லை, சிப்ஸுக்கு எண்ணி வைத்ததாம். கடைசியில் பூவன். சுண்ணாம்புச் சுவரில் மூன்று தடவை விழுந்து, நாலாவது தடவை நின்றது.

"திங்கிற பண்டத்தச் செவுத்துல ஒட்டற கூத்து எங்கயாச்சும் உண்டா? ஒறம்பரை வந்தா என்ன நெனப்பாங்க?" என்று அம்மிச்சி சத்தம் போட்டார்.

பொழுதோட ஒறம்பரை வந்தே விட்டார். பக்கத்துத் தோட்டத்து மாமா. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி சுவர். குரலைத் தாழ்த்தி, "திருஷ்டிக்குங்களா? யார் சொன்னாங்க?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்புச்சி முந்திக்கொண்டார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"இத்தாலிலீங்க ஒருத்தர். அஞ்சே முக்கா அடி ஒசரம் இருக்கோணும். ஏழு நாள், பத்து நாளைக்கு ஒருக்கா பழத்த மாத்தோணும்."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"பூவன்தானுங்களா?"

"எதுன்னாலும் ஆவுமுங்க."

மாமா தலையாட்டிக்கொண்டே போனார். அந்த வீட்டுக்கு இன்னும் நான் போகவில்லை, போகப் பயமாக இருக்கிறது.

காலையில் பழம் இல்லை. அம்மிச்சி பிய்த்துக் கன்றுக்குட்டிக்குக் கொடுத்துவிட்டார். டேப்போடு உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பும் வந்துவிட்டது. அதை மறைக்கக் காலண்டரை அங்கே மாற்றி மாட்டியிருந்தார். பல் தேய்த்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். முந்தின நாள் தாள் இன்னும் கிழிக்காமல் இருந்தது. ஓரத்தில் அப்புச்சியின் கையெழுத்து:

'பூவன் 1, செவுரு. டேப் 1 முழம்.'