ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, சேரும் தேதி வரலை

பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் ஆஃபர் லெட்டரோடு வந்தால் நாங்கள் முதலில் சம்பளத்தைப் பார்ப்பதில்லை, சேரும் தேதியைத்தான் தேடுவோம். 'பின்னர் தெரிவிக்கப்படும்' என்று இருந்தால் மற்ற இன்டர்வியூக்களை விட்டுவிடாதீர்கள். 'நிறுவனத்தின் தேவையைப் பொறுத்து' என்ற வரி கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். தேதியைத் தள்ளவும் ரத்து செய்யவும் அந்த ஒரு வரி போதும்.

தள்ளிப்போனால் போனில் கேட்காதீர்கள், அதற்குச் சாட்சி கிடையாது. மாதம் ஒரு மெயில்: கேண்டிடேட் ஐடி, கடிதத் தேதி, புதிய தேதி எது என்ற ஒரே கேள்வி. கல்லூரி பிளேஸ்மென்ட் அதிகாரியை சிசியில் போடுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் பெயரைச் சரிசெய்யுங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் நம் இனிஷியல் வழக்கம்தான் அதிகம் இடிக்கிறது. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், ஆதாரில் முன்னால். பான் கார்டு இனிஷியலை ஏற்காது, அதனால் அங்கே அப்பா பெயர் முழுதாக நிற்கும். மூன்றையும் சேர்த்து வைத்தால் மூன்று ஆள் போல இருக்கும். பி.எஃப். கணக்குக்கு ஆதார்ப் பெயர்தான் அடிப்படை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். பாஸ்போர்ட்டில் எப்படி வர வேண்டும் என்பதையும் யோசித்து, ஒரே வடிவத்தை முடிவுசெய்த பிறகே ஆதார் மையத்துக்குப் போங்கள்.

ஆஃபர் தள்ளிப்போனாலும் கல்விக்கடன் காத்திருக்காது. பெரும்பாலும் படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகுக்காரர் வீட்டில் காசு புரளாது. தவணை அப்போது விழும் என்றால் முன்பே வங்கிக் கிளையில் எழுதிக்கொடுத்துப் பேசுங்கள். தவறிய பிறகு பேசினால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் அடிபட்டிருக்கும்.

இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் வருவார். "விசிட் விசால போய் இறங்கு தம்பி, அங்க மாத்திக்கலாம்" என்பார். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வீட்டுக்கு வீடு சபுராளி, அதாவது வெளிநாட்டில் சம்பாதிப்பவர், உண்டு என்பதால் நம்பிவிடுகிறோம். ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்டு, வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், ரசீதோடு. லட்சத்தில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கம்போடியா, மியான்மர், லாவோஸில் 'டேட்டா என்ட்ரி' என்றால் பேச்சையே எடுக்காதீர்கள். சைபர் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழ்நாட்டுப் பிள்ளைகளை மியான்மரிலிருந்து மீட்டு வர வேண்டியிருந்தது.

உள்ளூர் வேலைக்கு டெபாசிட் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சான்றிதழைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. ஆன்லைனில் பணம் போய்விட்டால் வீட்டில் என்ன சொல்வது என்று ஒரு நாளைக் கடத்தாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள்.