கழுவாத படம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. ஏரல் பக்கம் இருக்கும் அத்தை வீட்டுக்குள் தாமிரபரணி இடுப்பளவுக்கு வந்து, உட்கார்ந்து, நிதானமாகப் போனது. போன் கிடைக்கவில்லை, ரோடு அறுந்து கிடந்தது. சென்னையிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது 21ஆம் தேதி. அத்தையும் மாமாவும் மாடியில் பத்திரமாக இருந்தார்கள். அரிசி, மெத்தை, ஃப்ரிட்ஜ் எல்லாம் போச்சு. அதையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அத்தை மெதுவாக ஆரம்பித்தாள்.

"கட்டிலுக்கடியில இருக்க டிரங்குப் பெட்டிய இன்னும் தெறக்கலட்டி. தெறக்க மனசு வரல."

எங்கள் குடும்பத்துப் படங்கள் மொத்தமும் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. தாத்தா படங்களும்.

தாத்தா பனையேறி. உடன்குடிக்குத் தெற்கே, செம்மணல் தேரிக்காட்டில் குத்தகைப் பனை. பங்குனி, சித்திரை என்று பருவம் வந்துவிட்டால் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, முப்பது பனைக்குக் குறையாமல் ஏறி இறங்குவார். ஏறிப் பாளை சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டி, முந்தின பதனியை இறக்கி வரவேண்டும். சுண்ணாம்பு தப்பினால் பதனி புளித்துக் கள்ளாகிவிடும், கருப்பட்டிக்கு ஆகாது. இறக்கியதை விடிலியில், அதாவது பதனி காய்ச்சும் குடிசையில், ஆச்சி காய்ச்சி, சிரட்டையில் ஊற்றுவாள். அந்தக் கருப்பட்டியில்தான் அப்பா படித்தார், அத்தைக்குக் கல்யாணம் ஆனது, நான் இன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவர் 1998இல் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. என் கன்னத்தைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி உரசும் அந்தக் கை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பெட்டியைத் திறந்தோம். மேலே கிடந்த படங்கள் பாதி காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. அடியில் சேற்றுத் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தவை தனித்தனியாக வந்தன. நேர்மாறாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பழைய ஆவணங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் தோழி ஒருத்தியை மொட்டை மாடி மூலையில் நின்று, சிக்னல் கிடைத்த இரண்டு நிமிடத்தில் பிடித்தேன். விஷயம் இதுதான்: படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். நனைந்தால் ஊதி வழுவழுப்பாகும், காய்ந்தால் பசையாகும். ஈரமாக இருக்கும்வரைதான் பிரிக்க முடியும். காயவிடாதே, பிடுங்காதே, படத்தின் முகத்தில் விரல் வைக்காதே. நேரம் வேண்டுமென்றால் ஃப்ரீசரில் வை. கரண்டே இல்லாத ஊரில் ஃப்ரீசருக்கு எங்கே போவது?

தண்ணீருக்கும் அதே கதிதான். நிவாரண லாரியில் வந்த கேன் தண்ணீரில் படம் கழுவினால் தெருவே திரண்டு வந்து அடிக்கும், அதில் நியாயமும் உண்டு. மாடித் தொட்டியில் மட்டும் வெள்ளம் ஏறாத தண்ணீர் மீதி இருந்தது. மூன்று பிளாஸ்டிக் பேசின் வைத்தேன். முதலாவதில் சேறு போகும். இரண்டாவதில் மிச்சம் போகும். மூன்றாவதில் சும்மா ஒரு முக்கு. ஓரத்தைப் பிடித்து ஆட்டுவதோடு சரி, தேய்க்கக் கூடாது. மாமாவின் பரண் மேல் தப்பிய வேட்டிகளை மாடி அறைக்குள் நிழலில் விரித்து, முகம் மேலே பார்க்கும்படி பரப்பினேன். செய்தித்தாளில் வைத்தால் மை ஒட்டும், வெயிலில் வைத்தால் சுருளும். எதிர்வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, "அப்பளம் காயப் போட்டிருக்கியா?" என்று கேட்டாள். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அத்தை சிரித்தாள்.

63 படங்கள். கலர் படங்களில் பாதி போய்விட்டன. கட்டியாக ஒட்டியவை பெரும்பாலும் தொண்ணூறுகளில் எடுத்தவை. என் பெற்றோர் கல்யாண ஆல்பத்தில் மஞ்சளும் சிவப்பும் கரைந்து வழிந்து, மாலை எது முகம் எது என்று தெரியவில்லை. அம்மாவுக்கு இதை எப்படிச் சொன்னேன் என்பது தனிக் கதை. கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் தாக்குப்பிடித்தன. ஓரங்களில் பூச்சு கரைந்து தாள் வெளுத்துத் தெரிந்ததே தவிர, நடுவில் ஆட்கள் அப்படியே நின்றார்கள். பிறந்தபோதே மணிக்கணக்கில் தண்ணீரில் அலசப்பட்டவை அல்லவா.

தாத்தா இருந்தவை பதினொன்று. ஒன்பது மிஞ்சின.

சென்னைக்குக் கொண்டுவந்து ஸ்கேன் செய்தேன். 600 டிபிஐ, சின்னப் படங்களுக்கு 1200. இந்தப் பகுதியில் சொல்ல ஒன்றுமில்லை, பொறுமை வேண்டும், அவ்வளவுதான். சுவாரசியம் படங்களின் முதுகில் இருந்தது. யாருமே தேதி எழுதவில்லை. ஆனால் ஸ்டூடியோக்காரர் முத்திரை குத்தியிருந்தார். ஒன்றில் "திருநெல்வேலி மாவட்டம்", கூடவே 628 என்று தொடங்கும் பின்கோடு. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டில். தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1986 அக்டோபரில். ஆக, இரண்டுக்கும் நடுவில் எடுத்த படம். (பழைய முத்திரையைக் கொஞ்ச நாள் தள்ளிக் குத்தியிருந்தால் நான் பொறுப்பில்லை.) இன்னொன்றில் "வ.உ.சிதம்பரனார் மாவட்டம்". அந்தப் பெயர் 1997 வரைதான் இருந்தது. இப்படியே ஒன்பதில் ஆறுக்கு ஏறக்குறைய ஆண்டு கிடைத்துவிட்டது.

ஒன்பதையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. எல்லாவற்றிலும் தாத்தா சட்டை போட்டிருக்கிறார். கழுத்துப் பட்டன்வரை பூட்டிய வெள்ளைச் சட்டை, கையை முழங்காலில் கவிழ்த்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு படங்களில் அது ஸ்டூடியோக்காரர் மாட்டிவிட்ட சட்டை, தோள் இறங்கித் தொங்குகிறது. வருஷத்தில் பாதி நாள் வெற்றுடம்போடு பனையில் இருந்த மனிதர். அவர் வேலை செய்யும் படம் ஒன்றுகூட இல்லை.

இந்த நேரத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மாலை போட்டு மாட்டியிருந்த பெரிய படம், முகம் கண்ணாடியோடு ஒட்டியே காய்ந்திருந்தது. பிரித்தால் மூக்கு கண்ணாடியோடு போய்விடும் என்று கண்ணாடியோடே ஸ்கேன் செய்து, சரி செய்து தரச்சொல்லி ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். நாலு நாளில் வந்தது. தாத்தா கோட்டு போட்டிருந்தார். டை வேறு. பின்னால் ஏதோ மலை, நீர்வீழ்ச்சி. அதைக்கூட மன்னித்துவிடலாம், ஆசைப்பட்டுச் செய்கிறார்கள். ஆனால் அவர் நிறத்தை வெளுத்து, நெற்றிக் கோடுகளை வழித்து, கன்னத்தை மெழுகியிருந்தார்கள். மேற்கு வெயிலைப் பார்த்துப் பார்த்து அவருக்கு எப்போதும் இடது கண் கொஞ்சம் சுருங்கியே இருக்கும். இரண்டு கண்ணையும் ஒரே அளவாக்கிவிட்டார்கள். அத்தைக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். "நல்லாதான் இருக்கு. யாரு இது?" என்று பதில் வந்தது.

காசு கொடுத்தாயிற்று. அதை எங்கேயும் மாட்டவில்லை.

நெகட்டிவ் கிடைத்தது அதற்கப்புறம்தான். பெட்டியின் அடியில் வெண்ணெய்த்தாள் உறை ஒன்று, சேற்றில் அப்பிப்போய் இருந்ததால் குப்பை என்று ஒதுக்கி, தூக்கிப்போட மனமில்லாமல் ஒரு டப்பாவில் தண்ணீரோடு கொண்டுவந்திருந்தேன். சுத்தமான தண்ணீரில் அரைமணி நேரம் போட்டதும் தாள் தானாகக் கழன்றது. உள்ளே நான்கு நெகட்டிவ்கள், சதுரமானவை, ஒவ்வொன்றும் ஆறு செ.மீ. அத்தையிடம் கேட்டேன். பம்பாயில் கடை வைத்திருந்த பெரியப்பா மகன் ஒருவர் ஊருக்கு வரும்போது கழுத்தில் பெட்டி கேமரா தொங்கவிட்டு வருவாராம். ஆக்ஃபா கிளிக் 3ஆக இருக்கவேண்டும், அந்தக் காலத்தில் ஊருக்கு ஒருவரிடம் அதுதான் இருக்கும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம், எல்லாம் சதுரம்.

நெகட்டிவ் ஸ்கேனர் என்னிடம் இல்லை. டேப்லெட்டில் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, அதற்கு இரண்டு அங்குலம் மேலே இரண்டு புத்தகங்களின் நடுவே கண்ணாடித் துண்டு வைத்து, அதன் மேல் நெகட்டிவை வைத்தேன். திரையோடு ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். இருட்டு அறையில் மேலிருந்து எடுத்து, போனில் நிறத்தைத் திருப்பிப் போட்டேன்.

முதல் மூன்றும் யாரோ குழந்தைகள், ஒரு ஆடு. நாலாவது தாத்தா.

பனை மூட்டில் நிற்கிறார். சட்டை இல்லை. தார்ப்பாய்ச்சிக் கட்டிய வேட்டி, இடுப்பில் அரிவாள் வைக்கும் அருவாப்பெட்டி, பக்கத்தில் மரத்தில் ஏறச் சாத்திய முருக்குத்தடி, காலடியில் ஏறும்போது காலில் மாட்டும் தளைநார், ஒரு கலயம். பெரிதாக்கிப் பார்த்தேன். நெஞ்சில் நடுவே இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்துக் கறுத்திருக்கிறது. மரத்தோடு அணைத்து ஏறி ஏறி வந்த காய்ப்பு. முன்னங்கையின் உள்பக்கமும் அப்படியே. கால் கட்டைவிரல் மற்ற விரல்களை விட்டு விலகி, தனியாக நிற்கிறது. பனைச் செதில் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி விழுந்திருக்கிறது.

முகம் இல்லை. மூக்குக்கு மேல் வெட்டிவிட்டது. அந்த மாதிரி கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் ஓட்டை ஒரு இடம், லென்ஸ் இன்னொரு இடம், கிட்டே போய் எடுத்தால் தலை போகும்.

அடுத்த மாதம் அதை எட்டுக்குப் பத்தில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஏரலுக்குப் போனேன். வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளக்கோடு அப்படியே இருந்தது. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

"இத ஏன் அத்தை அப்பவே கழுவல?" பிரிண்ட் போடுவதை ஊரில் இன்னும் கழுவுவது என்றுதான் சொல்வோம்.

"தலையில்லாத படத்த யாரு காசு குடுத்துக் கழுவுவா? அண்ணன் கேட்டாரு, கழுவவான்னு. எங்கம்மாதான் வேண்டாம்னுட்டா. சட்டையில்லாம நிக்காரு, ஊர்ல நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாவன்னா."

மாமா எட்டிப் பார்த்தார். "முகமே இல்லாம, இது உங்கப்பாதான்னு எப்படிச் சொல்லுத?"

அத்தை அவருக்குப் பதில் சொல்லவில்லை. விரல் படத்தின் மேல் ஓரத்துக்குப் போனது, தாத்தாவைத் தாண்டி, மரத்தில். தோளுயரத்தில் மரம் லேசாக இடதுபக்கம் வளைந்து, மறுபடி நிமிர்கிறது. நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை.

"இது கூனிப்பனைல்லா" என்றாள். "விடிலிக்கு மேக்க நின்னது. மத்த பனையெல்லாம் ஓஞ்சாலும் இது ஆடி வரைக்கும் குடுக்கும். அப்பா கடைசியா இதுலதான் ஏறுவாரு. இறங்கி இதே மூட்டுலதான் உக்காந்து வெத்தல போடுவாரு. நான் கஞ்சி கொண்டுட்டுப் போவேன்." அப்புறம் படத்தை என் பக்கம் நீட்டினாள். "பின்னாடி எழுதி வை. இல்லன்னா உனக்கும் மறந்துரும்."

பேனா எடுத்தேன், வைத்துவிட்டேன். மை நாளடைவில் முன்பக்கம் ஊறும். மாமாவின் மேசையில் பென்சில் இருந்தது. படத்தைக் கவிழ்த்து வைத்து, அழுத்தாமல் எழுதினேன்: தாத்தா. கூனிப்பனை. விடிலிக்கு மேற்கே.